குறைந்தது என்றால் குறைந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் சென்ற மாதம் வந்த பயிற்சிக் கணக்குகளில் ஒன்பதாவது கணக்கின் விடை தவறு. இதை ஒரு கார்டில் எழுதிப் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத வேறு சிலதும் வந்து ஒட்டிக்கொண்டன. இடம் போதாவிட்டால் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கணக்கு இதுதான். ‘ஒருவரிடம் 200 ரூபாய் உள்ளது. கிலோ 30 ரூபாய் வீதம் மரவள்ளிக்கிழங்கு வாங்குகிறார். வாங்கிய பின் அவரிடம் குறைந்தது 50 ரூபாய் மீதம் இருக்க வேண்டும் எனில், அவர் எத்தனை கிலோ வாங்கலாம்?’ பக்கத்தின் அடியில் தலைகீழாக அச்சிட்டிருந்த விடை: எக்ஸ் ≥ 5. அதாவது ஐந்து கிலோவோ அதற்கு மேலோ.

சரி, பத்து கிலோ வாங்கட்டும். 300 ரூபாய் ஆகும். கையில் 50 மிஞ்சுவது இருக்கட்டும், கடைக்காரருக்கு 100 ரூபாய் பாக்கி வைத்துவிட்டு வர வேண்டும். சரியான விடை ஐந்து கிலோவோ அதற்குக் கீழோதான். ஒரு குறி திரும்பிப் படுத்துவிட்டது. அச்சுப்பிழை என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணக்கைப் போட்டவர் எந்த இடத்தில் வழுக்கினார் என்பது தெரிகிறது. அந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. நான் கணக்கு டீச்சர் இல்லை. 33 வருடம் தமிழ் நடத்திவிட்டு 2015-ல் ஓய்வுபெற்றவள். எஸ்எஸ்எல்சியில் கணக்குக்கு நான் வாங்கிய மார்க் 38. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. திருவட்டாறில் எங்கள் வீட்டு வராந்தாவுக்கு, கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்த 2020-ல், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் தமிழ்க் கட்டுரை எழுதிப் பழக வந்தார்கள். இப்போது பதினொரு பேர். அப்பாமார் பெரும்பாலும் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள். அம்மாமார் அண்டி ஆபீசுக்குப் போகிறவர்கள். முந்திரி ஆலையை இங்கே அப்படித்தான் சொல்வோம். சாயங்காலம் ஐந்து மணிக்கு வருவார்கள். அவித்த மரச்சீனியும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் கட்டன் சாயாவும் கொடுப்பேன். (இந்த மரச்சீனியைத் தாங்கள் மரவள்ளி என்று போட்டிருந்ததை அந்தப் பிள்ளைகள் வேறு ஏதோ கிழங்கு என்று நினைத்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.) தமிழ் முடிந்ததும் பையிலிருந்து கணக்கு நோட்டு வெளியே வரும். எனக்குத் தெரியாது என்று சொன்னால் பிள்ளைகள் விடுவார்களா? பழைய கதவுப் பலகை ஒன்றுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துச் சுவரில் சாத்திவைத்து, அவர்களோடு சேர்ந்து நானும் ஏழாம் வகுப்பிலிருந்து திரும்பப் படித்தேன்.

ஒன்பதாவது கணக்கை வெட்டி எடுத்துக்கொண்டு வந்தவள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிற பெண். அவள் நோட்டில் அவளாகப் போட்ட விடை ஐந்து கிலோவோ அதற்குக் கீழோ என்றுதான் இருந்தது. அதை அடித்துவிட்டு, பக்கத்தில் பேப்பர் சொன்னதை எழுதியிருந்தாள். உன் விடைதானே சரி, ஏன் அடித்தாய் என்று கேட்டேன். “பேப்பர்ல தப்பா போடுவினுமா டீச்சர்?” என்றாள். அச்சில் வந்ததன் மேல் அவளுக்கு இருக்கும் மரியாதையை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அவள் போட்ட படிகளைப் பார்த்ததும்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிலோவுக்குக் ‘கி’ என்று வைத்துக்கொள்வோம். முதல் வரியாக அவள் எழுதியிருந்தது: 200 − 30கி ≤ 50. இது தப்பு. மீதி 50 ரூபாயோ அதற்கு மேலோ இருக்க வேண்டும் என்பது கணக்கு; இவள் 50 ரூபாயோ அதற்குக் கீழோ என்று எழுதியிருக்கிறாள். இரண்டாம் வரி: −30கி ≤ −150. மூன்றாம் வரியில் −30-ஆல் வகுத்து, கி ≤ 5 என்று முடித்திருந்தாள். குறை எண்ணால் வகுக்கும்போது குறி திரும்ப வேண்டும். திருப்பவில்லை. ஆக, அவளிடம் இரண்டு தப்பு. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு விடை சரியாக வந்துவிட்டது. பேப்பரிடம் ஒரே தப்புதான், அதனால் விடை தப்பாகப் போனது. முதல் வரியைச் சரியாக எழுதியவர் மூன்றாம் வரியில் குறியைத் திருப்ப மறந்திருக்கிறார். விடையை மட்டும் தலைகீழாக அச்சிடும் வழக்கம் இருக்கும்வரை இந்த மாதிரி விஷயம் யார் கண்ணிலும் படாது.

குறி ஏன் திரும்ப வேண்டும் என்பதைப் புத்தகத்தைப் பார்த்து நான் மனப்பாடமாகச் சொன்னபோது யாருக்கும் விளங்கவில்லை. எனக்கும்தான். கடனைக் கொண்டுவந்த பிறகு விளங்கியது. கையில் 2 ரூபாய் இருப்பவரைவிட 5 ரூபாய் இருப்பவர் வசதி. 2 ரூபாய் கடன்பட்டவரைவிட 5 ரூபாய் கடன்பட்டவர் மோசம். அதே இரண்டும் ஐந்தும். கடனானதும் வரிசை மாறிவிட்டது. அதைவிட எளிய வழி ஒன்றும் உண்டு. 30கி என்பதைக் குறையாகவே வைத்துக்கொண்டு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? இரண்டு பக்கமும் 30கி கூட்டு, இரண்டு பக்கமும் 50 கழி. 150 ≥ 30கி. பிறகு 5 ≥ கி. திருப்ப வேண்டிய பேச்சே இல்லை. தங்கள் கணக்கு ஆசிரியரிடம் இதைச் சொல்லுங்கள்.

இனி அவளுடைய முதல் தப்புக்கு வருகிறேன். 50-க்குக் கீழ் என்று ஏன் எழுதினாள்? “குறைந்தது 50னுதான டீச்சர் போட்டிருக்கு. கொறஞ்சா கொறவுதான?”

33 வருடம் தமிழ் நடத்தியவள் நான். இந்தச் சொல்லை ஒருநாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. ‘விலை 50 ரூபாய் குறைந்தது’ என்றால் விலை இறங்கிவிட்டது. ‘விலை குறைந்தது 50 ரூபாய்’ என்றால் 50-க்குக் கீழே இறங்காது. சொற்கள் அதே நான்கு. இடம் மாறினால் பொருள் நேர் எதிராகிறது. பெரியவர்களுக்கு இது காதில் விழும்போதே பிரிந்துவிடும். கணக்கைக் கண்டாலே நெஞ்சு படபடக்கிற பிள்ளைக்குப் பிரியாது. ‘மிகாமல்’ என்றொரு சொல் இருக்கிறது. அதில் மிகுதி இருப்பதால் பெரிது என்று குறி போடுகிறார்கள். ‘குறையாமல்’ என்றால் சிறிது என்று போடுகிறார்கள். சொல்லின் தலையைப் பார்த்தாயிற்று. ‘ஆமல்’ என்ற வாலைப் பார்க்கவில்லை. அந்த வாலில்தான் முழுக் கணக்கும் தொங்குகிறது.

இது ஒரு பிள்ளையின் தடுமாற்றமா, எல்லோருக்கும் உள்ளதா என்று பார்க்க மறுநாள் பலகையில் இரண்டு வரி எழுதிப் போட்டேன். ‘ஓர் எண்ணிலிருந்து 8-ஐக் கழிக்க.’ ‘8-லிருந்து ஓர் எண்ணைக் கழிக்க.’ பதினொரு பேரில் ஏழு பேர் இரண்டுக்கும் ஒன்றையே எழுதினார்கள்: எ − 8. அடுத்து, ‘ஓர் எண்ணை 4-ஆல் வகுக்க’, ‘4-ஐ ஓர் எண்ணால் வகுக்க’. இங்கேயும் அதே கதை. எண், எட்டு, கழி என்ற மூன்றை மட்டும் பொறுக்கிக்கொண்டு, கூட வந்த ‘ஐ’யையும் ‘ஆலை’யும் ‘இலிருந்தை’யும் உமி மாதிரி ஊதிவிடுகிறார்கள். இதே பிள்ளைகளிடம் தமிழ் வகுப்பில் வேற்றுமை உருபு சொல்லச் சொன்னால் ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். ஒப்பிக்க வைத்தவளே நான்தான். எதை எதால் வகுப்பது என்று கேட்டால் பதில் அந்த உருபில்தான் இருக்கிறது என்பதை ஒரு வகுப்பிலாவது சொல்லியிருக்கிறேனா? இல்லை. தமிழ் பீரியடில் கணக்கைப் பற்றிப் பேசினால் பாவம் என்று இருந்துவிட்டேன்.

கைடுகளும் டியூஷன்களும் இந்த இடத்தில் செய்வது வேறு. ‘அதிகம் என்று வந்தால் கூட்டு, குறைவு என்று வந்தால் கழி, மடங்கு என்று வந்தால் பெருக்கு.’ பிள்ளைகள் நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதிவைத்திருக்கிறார்கள். நான் கேட்டேன்: என்னிடம் உள்ள பணம் உன்னிடம் உள்ளதைவிட 7 ரூபாய் அதிகம், என்னிடம் 20 ரூபாய் இருக்கிறது, உன்னிடம் எவ்வளவு? அதிகம் என்று வந்துவிட்டதே, கூட்டினார்கள். 27. அப்படியானால் யாரிடம் அதிகம் என்று கேட்டதும் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ‘விட’ என்ற இரண்டு எழுத்து யாரோடு ஒட்டியிருக்கிறது என்று பார்த்திருந்தால் 13 என்று வந்திருக்கும்.

பிறகு நான் ஒரு வழக்கம் வைத்தேன். கணக்கைப் படித்ததும் பென்சிலைத் தொடக் கூடாது. அதை உன் அம்மையிடம் சொல்வதுபோல எனக்குச் சொல். புத்தகத் தமிழில் சொன்னால் சாயா கிடையாது. ‘ஒரு செவ்வக வடிவ நிலத்தின் நீளம் அதன் அகலத்தின் இரு மடங்கை விட 3 மீட்டர் குறைவு. சுற்றளவு 54 மீட்டர்.’ இந்தக் கணக்கில் அகலத்துக்கு ‘அ’ வைத்து, நீளம் 3 − 2அ என்று எழுதியவன் ஒரு பையன். சொல்லச் சொன்னதும் இப்படிச் சொன்னான்: “அதுக்க நீளம் என்னன்னா டீச்சர், அகலத்த ரண்டு மடங்கா ஆக்கி, அதுல மூணு மீட்டர் கொறச்சா வருமே, அதுதான்.” சொல்லி வாய் மூடுமுன் கை தானாக 2அ − 3 என்று எழுதியது. நீளமும் அகலமும் சேர்ந்தால் சுற்றளவில் பாதி, 27. அதாவது 3அ − 3 = 27. அகலம் 10, நீளம் 17. அவன் வீட்டுப் பேச்சில் செயல்கள் வரிசையாக வந்துவிடுகின்றன: இரண்டாக்கு, பிறகு குறை. புத்தக வாக்கியம் அதையே பெயர்ச்சொற்களை அடுக்கிச் சொல்கிறது. அதை அவிழ்க்கத்தான் பிள்ளைக்குப் பழக்கம் வேண்டும். எங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. வகுப்பறையில் நானே சுளித்திருக்கிறேன். இப்போது அந்த ‘அதுக்க’தான் எனக்குத் துணை.

இன்னொரு இடம் இதைவிடப் பொல்லாதது. ‘ஓர் ஆலையில் கண்காணிகளைப் போல் 20 மடங்கு தொழிலாளர்கள் இருக்கிறார்கள்.’ இதைச் சமன்பாடாக எழுது என்றால், கெட்டிக்காரப் பிள்ளைகளே 20தொ = க என்று எழுதுகிறார்கள். இருபது தொழிலாளிக்கு ஒரு கண்காணி என்று அவர்கள் மனசுக்குள் படம் ஓடுகிறது. அந்தப் படத்தை அப்படியே எழுதிவிடுகிறார்கள். இதற்கு நம் பிள்ளைகளைத் திட்ட வேண்டாம். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இன்ஜினியரிங் படிக்க வந்த மாணவர்களிடம் இதே மாதிரி ஒரு வாக்கியத்தைக் கொடுத்துப் பார்த்தபோது மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் தப்பாக எழுதினார்கள், அவர்களில் பெரும்பாலோர் இப்படித் தலைகீழாகத்தான் எழுதினார்கள் என்று என் மகன் காட்டினான். நோய்க்கு மூலம் ஒன்றுதான். ‘தொ’ என்பது தொழிலாளி இல்லை; தொழிலாளிகளின் எண்ணிக்கை. எழுத்து ஆளைக் குறிப்பதாக நினைத்தால் கவிழ்ந்தோம். சரிபார்க்கச் சொன்னேன். 40 பெண்கள் வேலை செய்கிறார்கள். உன் சமன்பாட்டின்படி எத்தனை கண்காணி? 20-ஐ 40-ஆல் பெருக்கினால் 800. அன்று ராத்திரி, அப்படி எழுதிய பெண் ஒருத்தி இதைப் போய் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். “ரண்டு பேரையே தாங்க முடியல்ல, இதுல எண்ணூறா?” என்றாளாம் அம்மா.

எழுத்தைப் பற்றிச் சொன்னதால் ஒன்று. எக்ஸ், ஒய் என்று எழுதாமல் நான் அகலத்துக்கு ‘அ’, கிலோவுக்குக் ‘கி’ என்று எழுதவைப்பதைப் பார்த்து, பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் தலையில் அடித்துக்கொள்கிறார். பரீட்சையில் எக்ஸ்தான் எழுத வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் 12-ஆம் நூற்றாண்டில் பாஸ்கராச்சாரியார் காலத்திலேயே, தெரியாத எண்ணுக்கு ‘யா’, இரண்டாவதற்குக் ‘கா’, மூன்றாவதற்கு ‘நீ’ என்று நம் எழுத்தில்தான் எழுதினார்கள். அந்த வாத்தியாரோடு இந்தச் சண்டை முடியாது, நடக்கட்டும்.

‘அந்தப் பக்கம் கொண்டுபோ, குறியை மாற்று’ என்ற மந்திரமும் எனக்குப் பிடிப்பதில்லை. ஏன் மாறுகிறது என்று கேட்டால் ஒரு பிள்ளையும் வாய் திறப்பதில்லை. அல்ஜீப்ரா என்ற சொல்லின் வேரைத் தேடிப் பார்த்தேன். தமிழாசிரியையின் பழக்கம், விடாது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல்-குவாரிஸ்மி எழுதிய கணக்கு நூலின் பெயரில் உள்ள ‘அல்-ஜப்ர்’ என்பதிலிருந்து வந்தது. முறிந்ததைப் பொருத்திப் பழையபடி ஆக்குவது என்று அர்த்தம். ஸ்பெயின் நாட்டில் அந்த வேரிலிருந்து வந்த சொல்லால் எலும்பு கட்டுகிற வைத்தியரையே அழைத்தார்கள். வர்மமும் எலும்பு முறிவும் பார்க்கும் வர்மாணி ஆசான்மாருக்குப் பேர்போன நம் மாவட்டத்தில் இதைப் பிள்ளைகளுக்கு விளக்கவா வேண்டும்? 4எ − 6 = 18 என்றால் இடப்பக்கம் 6 முறிந்து கிடக்கிறது. அங்கே 6 வைத்துக் கட்டு. சமன் கெடாமல் இருக்க வலப்பக்கமும் 6 வை. 4எ = 24. எதுவும் எங்கேயும் தாண்டிப் போகவில்லை. பாதிப் பிள்ளைகளுக்குச் சமக்குறியே ‘இதோ விடை’ என்று காட்டும் கைகாட்டி மரமாகத்தான் தெரிகிறது. 5 + 3 = 8 + 2 = 10 என்று சங்கிலியாக எழுதுகிறார்கள். 1557-ல் ராபர்ட் ரெக்கார்ட் அந்தக் குறியைக் கொண்டுவந்தபோது, ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானது வேறில்லை என்பதால் அதைப் போட்டார். இதைச் சொன்ன பிறகு சங்கிலி கொஞ்சம் குறைந்திருக்கிறது.

ஒன்பதாவது கணக்கைக் கொண்டுவந்த பெண்ணின் அப்பா ரப்பர் பால் எடுக்கும் கடையில் வேலை பார்க்கிறார். பாலில் ரப்பர் எத்தனை சதவீதம் என்று பார்ப்பதுதான் வேலை. டி.ஆர்.சி. என்பார்கள். மழை பிடித்தால் இறங்கும். 30, 35, 40 என்று ஆளுக்கு ஆள் மாறும். ஒருநாள் மகளைக் கூட்டிப்போக வந்தவர், சாவியை விரலில் சுற்றிக்கொண்டு முற்றத்தில் நின்றிருந்தார். பலகையில் நான் எழுதியிருந்தது: 30 சதவீதப் பாலையும் 40 சதவீதப் பாலையும் கலந்து, 36 சதவீதத்தில் 100 கிலோ வேண்டும். எது எவ்வளவு? மகள் 30 சதவீதப் பாலின் எடைக்குப் ‘ப’ என்று வைத்து, 30ப + 40(100 − ப) = 3600 என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் முற்றத்திலிருந்து, “நாப்பதும் அறுபதும்” என்றார்.

எப்படி என்று கேட்டேன். “முப்பதுல இருந்து முப்பத்தாறு ஆறு தள்ளி இருக்கு. நாப்பதுல இருந்து நாலுதான் தள்ளி. கிட்ட இருக்கது கூடுதல் வேணும், தூர இருக்கது கொறவு. நாலுக்கு ஆறு.” எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். “பின்ன இது எதுக்கு டீச்சர்?” என்று மகள் என்னைப் பார்த்தாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. நீ முடி என்றேன். அடைப்பை நீக்கினாள். 4000 − 10ப = 3600. பிறகு 10ப = 400. ப = 40. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வராந்தாவில் ஏறி, பலகை அருகே வந்து 10ப என்ற இடத்தில் விரலை வைத்தார். “இந்தப் பத்து எங்கயிருந்து வந்துது?” மகள் யோசித்தாள். நாற்பதிலிருந்து முப்பது போனது என்றாள். பிறகு அவளே, “அப்பாக்க ஆறும் நாலும் சேந்த பத்து!” என்று கத்தினாள். வலப்பக்கத்து 400 என்பது நூறு கிலோவை அவருடைய நாலால் பெருக்கியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. இருட்டும்வரை நின்று அடுத்த கணக்கையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஒன்பதாவது கணக்கைப் போல ≤, ≥ குறி போடும் கணக்குக்கு, அதாவது அசமன்பாட்டுக்கு, எனக்கு உதவுவது தங்கள் நாளிதழ்தான். மழைக்காலத்தில் அணை நீர்மட்டம் போடுகிறீர்களே, அதை வெட்டி ஒட்டிவிடுவேன். பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி. பேச்சிப்பாறையில் இன்று 40 அடி, தினமும் அரை அடி ஏறுகிறது, 48-க்கு மிகாமல் எத்தனை நாள்? 16 நாள்வரை. “அதுக்கு முன்னயே ஷட்டரத் தொறப்பினுமே டீச்சர்” என்றான் ஒருவன். அவன் வீடு கோதையாற்றங்கரையில். அவன் சொன்னது சரிதான். கணக்கை மாற்றி எழுதினோம்.

பலாச்சுளைப் பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வாட்ஸ்அப்பில் அது சுற்றாத நாள் இல்லை. காரி நாயனாரின் கணக்கதிகாரம் என்ற பழைய கணக்கு நூலில் வருவது: காம்பருகே உள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் சுளையின் எண்ணிக்கை. அனுப்புகிறவர்கள் யாரும் சக்கையை (பலாப்பழத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம்) வெட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. நாங்கள் வெட்டினோம், எங்கள் வீட்டு வருக்கைச் சக்கை. முள் 50. அப்படியென்றால் சுளை 60 வர வேண்டும். வந்தது 73. “பாட்டு தப்பா, நாம முள் எண்ணினது தப்பா?” என்று கேட்டாள் ஏழாம் வகுப்புக்காரி ஒருத்தி. காம்பருகே என்றால் எதுவரை காம்பருகே என்று அரை மணி நேரம் சண்டை நடந்தது. கையெல்லாம் பசை. சூத்திரம் கிடக்கட்டும், கணக்கும் தமிழும் ஒரே செய்யுளில் குடியிருந்த காலம் ஒன்று இருந்திருக்கிறது. இப்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி அடிக்கிறது, வாத்தியார் மாறிவிடுகிறார்.

2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம் என்று எல்லா மேடையிலும் சொல்கிறோம். அந்த எழுத்தறிவு மூன்று வரி வார்த்தைக் கணக்கின் முன்னால் வந்து நின்றுவிடுகிறது. பத்தாம் வகுப்பு வினாத்தாள்களில் நான் பார்த்தவரை 28-ஆம் கேள்வியும் 42-ஆம் கேள்வியும் கட்டாயம். அந்த இடத்தில் வார்த்தைக் கணக்கு வந்துவிட்டால், படிக்காமலேயே விட்டுவிடச் சொல்லிக்கொடுக்கிறார்கள், மற்றதில் 35 வந்துவிடும் என்று. சொல்லிக்கொடுப்பவர் யார் என்று நான் எழுதப் போவதில்லை. எனக்கு அவர் மேல் கோபம் உண்டு, அவ்வளவுதான்.

தங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மாணவர் பக்கத்தில் வாரம் இருபது கணக்கு வேண்டாம், ஐந்து போதும். விடையைத் தலைகீழாகப் போடுவதற்குப் பதில் படிகளோடு போடுங்கள். கடைசி வரியில், வந்த விடையை வாக்கியத்தில் திரும்ப வைத்துச் சரிபார்த்துக் காட்டுங்கள். அதைச் செய்திருந்தால் ஒன்பதாவது கணக்கு இப்படி வந்திருக்காது. வாரம் ஒரு கணக்கை வேண்டுமென்றே தப்பாகச் செய்து, எங்கே தப்பு என்று கேளுங்கள். பிள்ளைகள் அதைத்தான் ஆசையாகச் செய்கிறார்கள். ஒன்பதாவது கணக்கை வைத்து நானே இரண்டு சாயங்காலம் ஓட்டிவிட்டேன், அந்த வகையில் தங்களுக்கு நன்றி. அச்சுக்குப் போகுமுன் கணக்கு தெரிந்த ஒருவரும் தமிழ் தெரிந்த ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து வாசியுங்கள். ‘குறைந்தது 50 ரூபாய்’ என்று எழுதும் இடத்தில் ‘50 ரூபாயோ அதற்கு மேலோ’ என்று எழுதினால் அரை வரி கூடும். அதற்கான இடத்தைச் சினிமாப் பக்கத்தில் எடுத்துக்கொள்ளலாம். புத்தகத்திலும் பரீட்சையிலும் ‘குறைந்தது’ என்றுதான் வரும் என்பதால் அந்தச் சொல்லையும் அறவே விட முடியாது. ஒரு வாரம் இப்படி, ஒரு வாரம் அப்படி எழுதிப் பழக்குங்கள்.

திருத்தம் போடுவதாக இருந்தால், தயவுசெய்து அதே மாணவர் பக்கத்தில், அதே எழுத்தளவில் போடவும். உள்பக்க மூலையில் ‘வருந்துகிறோம்’ என்று போட்டால் பிள்ளைகள் பார்க்க மாட்டார்கள். அந்தப் பெண் ஒன்பதாவது கணக்கின் துண்டை நோட்டில் ஒட்டி, அடித்த தன் விடையைத் திரும்பவும் எழுதி, கீழே 200 − 30 × 5 = 50 என்று சரிபார்த்து வைத்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு கட்டம் கட்டி வெறுமையாக விட்டிருக்கிறாள். அது எதற்கு என்று கேட்டேன். பேப்பரில் மாற்றிப் போட்டதும் ஒட்டுவதற்காம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
திருவட்டாறு, கன்னியாகுமரி மாவட்டம்.